இரைப்பைச் சுருள்சிரைக் குருதிப்போக்கும் உள்நோக்கிவழிப் பசைச் சிகிச்சையும்: விருதுநகர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கல்லீரல் நோயின் விளைவாக இரைப்பையின் உட்சுவரில் சிரைகள் புடைத்து வெடிப்பது உயிருக்கு ஊறு விளைவிக்கும் நிலையாகும். இதற்குரிய உள்நோக்கிவழிச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கருவியைவிட வகைப்பாடே இச்சிகிச்சையின் திருப்புமுனை என்பதும், அவ்வகைப்பாடு 1989க்கும் 1992க்கும் இடையே இந்திய நோயாளர்களை ஆராய்ந்து உருவானது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். மேலும், மருத்துவ அறிவு உருவாவதும் அது சிற்றூரைச் சென்றடைவதும் வெவ்வேறு வரலாறுகள் என்பதை விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளத்தை நோக்குநிலையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இரைப்பைச் சுருள்சிரை, உள்நோக்கி, சயனோஅக்ரிலேட் பசை, மருத்துவ வரலாறு, விருதுநகர் மாவட்டம்.

முன்னுரை

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றியமைந்த பட்டாசுத் தொழில் வட்டாரத்தின் அவசர மருத்துவம் பற்றிய பேச்சு, தீக்காயத்தைச் சுற்றியே அமைந்துவிடுவது இயல்பு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நிகழ்ந்து பல உயிர்களைப் பறித்த வெடிவிபத்தை நாடே அறியும். ஒரே நாளில், ஒரே இடத்தில், பலர் கண்முன் நிகழும் இறப்பு செய்தியாகிறது, ஆவணமாகிறது, விசாரணைக்கும் உள்ளாகிறது.

இரைப்பைச் சுருள்சிரை வெடித்து நிகழும் இறப்பு இவ்வாறானது அன்று. அது ஒருவருக்கு, ஒரு வீட்டில், பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நேர்வது. குருதி வாந்தியோ தார் போலக் கறுத்த மலமோ வெளிப்பட்ட பின்னரே வீட்டார் நோயை உணர்கின்றனர். இந்நோய் பட்டாசுத் தொழிலால் விளைவது என இக்கட்டுரை கூறவில்லை. கல்லீரல் அழற்சி நச்சுயிரிகள், மது, கொழுப்பேறிய கல்லீரல் முதலிய காரணங்களால் எவ்வூரிலும் தோன்றக்கூடிய நோய் இது. பெருநகர மருத்துவமனைகளில் உருவான ஒரு சிகிச்சையைத் தொலைவிலுள்ள ஒரு தொழிலாளர் சிற்றூரில் நின்று நோக்கினால் அதன் வரலாறு எவ்வாறு தோன்றும் என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

நோயின் இயல்பு

குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் குருதியைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்வது வாயிற்சிரை. கல்லீரல் தழும்பேறி இறுகும்போதோ வாயிற்சிரையே அடைபடும்போதோ, அக்குருதி முன்னேற வழியின்றி அழுத்தம் கூடுகிறது. மடை அடைபட்ட கால்வாயின் நீர் கரையோர ஓடைகளைத் தேடுவது போல, அக்குருதி உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள சிறு சிரைகளை நாடுகிறது. நாளடைவில் அச்சிரைகள் புடைத்துச் சுருள்கின்றன.

உணவுக்குழாய்ச் சுருள்சிரைகளும் இரைப்பைச் சுருள்சிரைகளும் ஒரே நோயின் இரு வெளிப்பாடுகள். எனினும் அமைப்பால் வேறுபட்டவை. உணவுக்குழாய்ச் சிரைகள் மென்சவ்வுக்கு மிக அருகில் நீளவாக்கில் ஓடுபவை. மருத்துவர்கள் ‘ஃபண்டஸ்’ என வழங்கும் இரைப்பை மேல்முகட்டின் சிரைகள் ஆழமாகவும், பருத்தும், திராட்சைக் கொத்துப் போலத் திரண்டும் அமைபவை. இவற்றில் பல, மண்ணீரற் சிரையிலிருந்து குருதியைப் பெற்று இடச் சிறுநீரகச் சிரைக்குள் வடிப்பவை. ஆதலால் அழுத்தம் மிகாத நிலையிலும் இவற்றினூடே பாயும் குருதியின் அளவு மிகுதி. கணைய அழற்சியால் மண்ணீரற் சிரை மட்டும் அடைபட்டாலும் மேல்முகட்டில் சுருள்சிரை தோன்றும். அந்நிலையில் மண்ணீரலை அகற்றுவதே நோயைத் தீர்க்கும். ஒரே காட்சிக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

காணும் கருவி

உயிருள்ள மனிதரின் இரைப்பைக்குள் நோக்கும் முயற்சி 1868இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் அடால்ஃப் குஸ்மால் என்னும் மருத்துவரால் தொடங்கிற்று. வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவருக்குள் அவர் நேரான உலோகக் குழாயைச் செலுத்தினார். ருடால்ஃப் ஷிண்ட்லர் 1932இல் ஓரளவு வளையும் குழாயை அறிமுகப்படுத்தினார். ஆயினும் இரைப்பையின் மேல்முகடு இக்கருவிகளுக்கு எளிதில் புலப்படவில்லை. அதனைக் காணக் கருவியின் முனை முற்றிலும் பின்னோக்கி வளைய வேண்டும்.

இத்தடையை நீக்கிய இழை ஒளியியலில் இந்தியர் ஒருவரின் பங்கு குறிப்பிடத்தக்கது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் இணைந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்த முடியும் என்பதை 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அக்கட்டுரையைக் கண்ணுற்ற பேசில் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சகாக்களுடன் வளையும் உள்நோக்கியை உருவாக்கினார். 1957இல் அதனை முதலில் தாமே விழுங்கிச் சோதித்தார். இதன்பின் வந்த மேம்பட்ட கருவிகள் மேல்முகட்டையும் பார்வைக்குள் கொணர்ந்தன. இன்று மக்கள் ‘எண்டோஸ்கோப்பி’ என்றே வழங்கும் சோதனை இம்மரபின் தொடர்ச்சியாகும்.

உணவுக்குழாய்ச் சிகிச்சையின் எல்லை

காணும் கருவி வருவதற்கு முன்பே சிகிச்சை முயற்சிகள் தொடங்கிவிட்டன. சுவீடனைச் சேர்ந்த கிளாரன்ஸ் க்ராஃபோர்டு, பால் ஃப்ரெங்க்னர் ஆகியோர் 1939இல் இளம்பெண் ஒருவரின் உணவுக்குழாய்ச் சுருள்சிரைகளில் குவினைன் கரைசலை ஊசிவழிச் செலுத்தி அவற்றை அடைத்ததைப் பதிவு செய்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் அறுவை முறை மேலோங்கியது. வாயிற்சிரையின் குருதியைப் பெருஞ்சிரைக்குத் திருப்பிவிடும் அறுவையை நியூயார்க்கின் ஆலன் விப்பிள் 1945இல் விரிவாக எடுத்துரைத்தார். 1950இல் செங்ஸ்டேக்கன், பிளேக்மோர் ஆகியோர், காற்றூதி விரியும் பலூன்களால் குருதிக்கசிவை அழுத்தி நிறுத்தும் குழாயை அறிமுகம் செய்தனர்.

திசைதிருப்பும் அறுவை குருதிப்போக்கை நிறுத்தியது. ஆனால் கல்லீரலுக்குச் செல்ல வேண்டிய குருதி வேறுவழி சென்றமையால் நோயாளரின் மூளைச் செயல்பாடு பாதிக்கப்படும் நேர்வுகள் பெருகின. எனவே ஊசிமருந்து முறை மீண்டும் எழுச்சி பெற்றது. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ஜான்ஸ்டன், ராட்ஜர்ஸ் ஆகியோர் 117 நோயாளர்களிடம் பெற்ற பதினைந்தாண்டு அனுபவத்தை 1973இல் வெளியிட்டனர். 1986இல் ஸ்டீக்மன் அறிமுகப்படுத்திய இரப்பர் வளையமிடும் முறை, பின்னர் உணவுக்குழாய்ச் சுருள்சிரைக்குரிய முதன்மைச் சிகிச்சையாயிற்று.

இவ்விரு முறைகளும் இரைப்பை மேல்முகட்டில் போதிய பயன் தரவில்லை. விரைந்தோடும் மிகுகுருதியில் ஊசிமருந்து கலந்து கரைந்து போயிற்று, சிரை அடைபடவில்லை. பருத்த சிரையின் முழுச் சுற்றளவையும் இரப்பர் வளையத்தால் பற்ற இயலவில்லை. வளையம் உதிர்ந்த இடத்தில் புண் தோன்றிப் பெருங்குருதிப்போக்கிற்கு வழிவகுத்தது. ஓரிடத்துக்கு உரிய முறையை மற்றோரிடத்துக்கு அப்படியே ஏற்றிவைத்ததே இத்தோல்வியின் வேர். இரண்டையும் தனித்தனியே எண்ணிப் பார்க்கும் சொல்லாட்சியே அன்று நிலைபெற்றிருக்கவில்லை.

தில்லி வகைப்பாடு

இவ்வெற்றிடத்தை நிரப்பியது தில்லி கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில் ஷிவ் குமார் சரின் தலைமையில் நடைபெற்ற ஆய்வு. 1989இல் முன்மொழியப்பட்ட வகைப்பாடு, 568 நோயாளர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வின் வாயிலாக 1992இல் உறுதிப்பட்டது. அது இரைப்பைச் சுருள்சிரைகளை நான்காகப் பகுத்தது. உணவுக்குழாயிலிருந்து தொடர்ந்து இரைப்பையின் சிறுவளைவு நெடுக இறங்குபவை முதல் வகை. உணவுக்குழாயிலிருந்து மேல்முகட்டுக்குள் நீள்பவை இரண்டாம் வகை. உணவுக்குழாய்த் தொடர்பின்றி மேல்முகட்டில் மட்டும் திரள்பவை மூன்றாம் வகை. இரைப்பையின் பிற பகுதிகளிலோ முன்சிறுகுடலிலோ தோன்றுபவை நான்காம் வகை.

இவ்வாய்வின் எண்கள் இன்றும் பொருள் மிக்கவை. வாயிற்சிரை மிகையழுத்தம் உடையோரில் 20 விழுக்காட்டினரிடம் முதற் சோதனையிலேயே இரைப்பைச் சுருள்சிரை காணப்பட்டது. உணவுக்குழாய்ச் சிரைகளை ஊசிமருந்தால் அடைத்த பின்னர் மேலும் 9 விழுக்காட்டினரிடம் அது புதிதாகத் தோன்றிற்று. இரைப்பைச் சிரைகள் குறைவாகவே வெடித்தன: உணவுக்குழாயில் 64 விழுக்காடு, இரைப்பையில் 25 விழுக்காடு. ஆயினும் வெடித்தபோது இழப்பு கடுமையாக இருந்தது. நோயாளர் ஒருவருக்கு ஏற்றப்பட்ட குருதி உணவுக்குழாய் நேர்வுகளில் 2.9 யூனிட், இரைப்பை நேர்வுகளில் 4.8 யூனிட்.

வகைகளுக்கிடையிலான வேறுபாடு இன்னும் கூர்மையானது. இரைப்பைச் சுருள்சிரைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முதல் வகையைச் சேர்ந்தவை. உணவுக்குழாய்ச் சிரைகள் அடைபட்டதும் இவற்றில் 59 விழுக்காடு தாமே மறைந்தன. மாறாக, மேல்முகட்டுச் சிரைகள் எண்ணிக்கையில் குறைவாயினும் ஆபத்தில் மிகுந்தவை: இரண்டாம் வகையில் 55 விழுக்காட்டினருக்கும் மூன்றாம் வகையில் 78 விழுக்காட்டினருக்கும் குருதிப்போக்கு நேர்ந்தது. ‘இரைப்பைச் சுருள்சிரை’ என்னும் ஒற்றைப் பெயருக்குள், உணவுக்குழாய்ச் சிகிச்சையிலேயே பெரும்பாலும் தணியும் ஒன்றும், தனிச் சிகிச்சையின்றிக் கொல்லக்கூடிய மற்றொன்றும் அடங்கியிருந்தன என்பது இதனால் புலனாயிற்று.

இவ்வகைப்பாட்டிற்கு ஆய்வுக்கூடமோ அரிய கருவியோ தேவைப்படவில்லை. உள்நோக்கியின் முனையைப் பின்வளைத்து மேல்முகட்டைக் கூர்ந்து நோக்கி, கண்டதை ஒரே முறையில் எழுதி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதே அதன் வழிமுறை. பொது மருத்துவமனையின் மிகுந்த நோயாளர் வருகை ஆய்வு வலிமையாக மாறியமைக்கு இது எடுத்துக்காட்டு. மேலும், இந்திய நோயாளரிடையே கல்லீரல் இறுக்கம் மட்டுமன்றி, இறுக்கமில்லாத வாயிற்சிரை நாரேற்றமும், இளம் வயதிலேயே நேரும் வாயிற்சிரை அடைப்பும் மிகுதி. இவர்களின் கல்லீரல் செயல்திறன் பெரிதும் காக்கப்பட்டிருப்பதால், குருதிப்போக்கைத் தடுத்தால் நெடுநாள் வாழ இயலும். அதனால் வகையறிந்து சிகிச்சையளிப்பதன் பயன் ஈண்டு மேலும் பெரிது.

பசையின் வருகை

மேல்முகட்டுச் சிரைகளுக்குப் பொருந்திய மருந்து மருத்துவத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது அன்று. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவன வேதியியலர் ஹாரி கூவர், இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் துப்பாக்கிக் குறிநோக்கிக்கான தெளிந்த நெகிழியைத் தேடினார். அப்போது கிடைத்த சயனோஅக்ரிலேட் தொட்ட பொருளிலெல்லாம் ஒட்டிக்கொண்டமையால் பயனற்றதென ஒதுக்கப்பட்டது. 1951இல் அவரும் ஃப்ரெட் ஜாய்னரும் அதே இயல்பைப் பயன் எனக் கண்டனர்; 1958இல் அது விற்பனைப் பசையாயிற்று. ஈரம் பட்டவுடன் இறுகும் இப்பண்பு குருதிக்கும் பொருந்தும். வியட்நாம் போரில் காயங்களின் குருதிக்கசிவை நிறுத்த அது தெளிக்கப்பட்டது. திசுக்களுக்கு ஊறு குறைந்த பியூட்டைல் வகைப் பசை பின்னர் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது.

சுருள்சிரைக்குள் இப்பசையை உள்நோக்கிவழிச் செலுத்தும் முறையை 1980களின் இடையில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் மருத்துவர்கள் வெளியிட்டனர். ஹாம்புர்க்கைச் சேர்ந்த நிப் சோஹெந்திரா 1986இல் வெளியிட்ட கட்டுரை பரவலான கவனம் பெற்றது. பசை மிக விரைந்து இறுகாதிருக்கவும் ஊடுகதிர்ப் படத்தில் தெரியவும், அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெயான லிப்பியோடால் அதனுடன் கலக்கப்பட்டது. ஊசி வழியே சிரைக்குள் நுழைந்த பசை நொடிகளில் கட்டியாகி, குருதிப் பாதையை உள்ளிருந்தே அடைக்கிறது. வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து அக்கட்டி இரைப்பைக்குள் உதிர்ந்து வெளியேறுகிறது.

ஆபத்துகளும் உள. கலவை மிக நீர்த்தால் பசை குருதியோட்டத்துடன் சென்று நுரையீரலை அடையக்கூடும். மிக விரைந்து இறுகினால் ஊசி சிரையிலேயே சிக்கும். கருவியின் குழல் அடைபட்டுப் பழுதாகும். ஆகவே இது மருத்துவரின் கைத்திறனையும் உதவிச் செவிலியரின் ஒத்திசைந்த வேகத்தையும் ஒருங்கே வேண்டும் முறை. அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பு இப்பயன்பாட்டுக்கு இப்பசையை ஏற்கவில்லை. அங்கே கல்லீரலுக்குள் வலைக்குழல் பொருத்தி அழுத்தத்தைக் குறைக்கும் ‘டிப்ஸ்’ முறை முன்னுரிமை பெற்றது. ஜப்பானில் கனகாவா குழுவினர் 1996இல் வெளியிட்ட, சிறுநீரகச் சிரைவழிச் சென்று பலூனால் அடைத்து மருந்து செலுத்தும் முறை வேரூன்றியது. இவ்விரண்டுக்கும் ஊடுகதிர் வழிகாட்டலும் தனித்தேர்ச்சி பெற்ற வல்லுநரும் தேவை. பசைக்கோ உள்நோக்கியும் ஊசியும் தேர்ந்த கையும் போதும். இந்தியப் பொது மருத்துவமனைச் சூழலில் பசை நிலைபெற்றமைக்கு இவ்வேறுபாடு ஒரு முதன்மைக் காரணம்.

சான்றாக மாறிய அனுபவம்

பசையின் பயனை ஒப்பீட்டுச் சோதனைகளால் நிறுவியதிலும் தில்லிக் குழுவின் பங்கு பெரிது. தனித்த மேல்முகட்டுச் சிரைகளையுடைய 37 நோயாளரிடம் ஆல்கஹால் ஊசியையும் பசையையும் ஒப்பிட்ட 2002ஆம் ஆண்டு ஆய்வில், சிரை முற்றும் அடைபட்டோர் பசைப் பிரிவில் 100 விழுக்காடு. ஆல்கஹால் பிரிவில் 44 விழுக்காடு. ஒருமுறை குருதிப்போக்குக்கு உள்ளான 67 நோயாளரிடம் பசையையும் பீட்டா தடுப்பு மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. மீண்டும் குருதிப்போக்கு நேர்ந்தோர் பசைப் பிரிவில் 15 விழுக்காடு, மாத்திரைப் பிரிவில் 55 விழுக்காடு. இறப்பு முறையே 3, 25 விழுக்காடு.

இவ்விரு ஆய்வுகளும் நோயாளரைத் தெரிவு செய்தது 1992இன் வகைப்பாட்டின் அடிப்படையிலேயே என்பது கருதத்தக்கது. வகை பிரிக்கப்படாமல், தாமே மறையக்கூடிய முதல் வகைச் சிரைகளும் கலந்திருந்தால் பசையின் உண்மைப் பயன் மங்கித் தோன்றியிருக்கும். கண்டுபிடிப்பாளரை மையப்படுத்தும் வரலாறு 1986ஐத் திருப்புமுனையாகக் கொள்ளும். அவ்வாண்டு கருவியைத் தந்தது. அக்கருவி யாருக்கு உரியது என்பதை வகைப்பாடே வரையறுத்தது. பின்னர் வந்த, உட்செவியா ஒலி வழிகாட்டலுடன் உலோகச் சுருளையும் பசையையும் இணைத்துச் செலுத்தும் முறையும் இவ்வரையறைக்குள்ளேயே இயங்குகிறது.

தமிழகச் சூழல்

தமிழகத்தில் இரைப்பை குடல் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்ததில் சென்னையும் வேலூரும் முன்நிற்கின்றன. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை குடல் அறுவைத் துறையை உருவாக்கிய என். ரங்கபாஷ்யம் 2002இல் பத்மபூஷண் விருது பெற்றார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, காரணம் அறியாத கல்லீரல் இறுக்கம் எனக் கருதப்பட்டோருள் கணிசமானோர் உண்மையில் இறுக்கமில்லாத வாயிற்சிரை மிகையழுத்தம் உடையோர் எனக் காட்டியது. ‘இறுக்கம்’ என்ற பெயர் சூட்டப்பட்டவரை இனி மீட்சியில்லை என வீட்டார் கைவிடும் சூழலில், இத்திருத்தம் வெறும் சொல் திருத்தம் அன்று.

தென்மாவட்டங்களுக்கு 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும் 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் புகலிடங்களாயின. பசைச் சிகிச்சை ஐரோப்பாவில் உருப்பெற்ற அதே காலத்தில், 1985இல், இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் அம்மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2022 ஜனவரியில். இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளில் உலக அளவில் சிகிச்சை முறை முழுமை பெற்றுவிட்டது. மாவட்டத்தின் நோயாளர்க்கோ அது மாவட்ட எல்லைக்கு வெளியிலேயே இருந்தது.

அச்சங்குளத்திலிருந்து நோக்கும்போது

அச்சங்குளத்தில் நள்ளிரவில் ஒருவர் குருதி வாந்தி எடுத்தால் நிகழ வேண்டியவற்றை வரிசைப்படுத்தினால், சிகிச்சையின் வரலாறு வேறு வடிவில் தோன்றும். முதலில் வண்டி: தமிழகத்தில் 2008இல் தொடங்கிய 108 சேவை இதற்கு விடையளித்தது. அடுத்துக் குருதி: நோயாளர் ஒருவருக்கு 4.8 யூனிட் என்னும் தில்லிக் கணக்கு, அருகிலுள்ள மருத்துவமனையின் குருதிச் சேமிப்பே உயிரைத் தீர்மானிக்கும் என்பதை உணர்த்துகிறது. மூன்றாவது, சிரையழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிபிரசின் அல்லது ஆக்ட்ரியோடைடு ஊசியும் நுண்ணுயிர்க்கொல்லியும்: இவற்றை உள்நோக்கி இல்லாத மருத்துவமனையிலும் தொடங்கலாம். நான்காவது பலூன் குழாய்: 1950களின் இப்பழைய கருவி, நோயாளரைப் பெரிய மருத்துவமனை வரை கொண்டுசேர்க்கும் பாலமாக இன்றும் பயன்படுவது. பசை இவ்வரிசையில் ஐந்தாவதாகவே வருகிறது.

அதாவது, பெருநகர மருத்துவமனையின் வரலாற்றில் ஒன்றையொன்று அகற்றி முன்னேறியவையாகத் தோன்றும் கருவிகள், சிற்றூரின் நோக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட வேண்டிய கண்ணிகளாகின்றன. ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

குருதிப்போக்கு நின்ற பின்னரும் சிகிச்சை முடிவதில்லை. சிரை முற்றும் அடைபடும் வரை சில வார இடைவெளியில் உள்நோக்கிச் சோதனை திரும்பத் திரும்பத் தேவை. 2009இல் தொடங்கிய உயிர்காக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டமும், 2012இல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உள்நோயாளர் சிகிச்சையின் கட்டணச் சுமையைக் குறைத்தன. ஆனால் துண்டுக்கூலிக்கு உழைப்பவருக்கு ஒவ்வொரு மறுவருகையும் ஒருநாள் கூலியின் இழப்பு. துணைக்கு வருபவருடையதையும் சேர்த்தால் இருநாள் கூலி. கட்டில் வைத்து எழுந்து நடமாடத் தொடங்கியவரை ‘நலமாகிவிட்டார்’ எனக் கொள்வது குடும்பத்தாரின் இயல்பு. மாத்திரையை மட்டும் நம்பியோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மீண்டும் குருதிப்போக்கு நேர்ந்தது என்னும் 2010ஆம் ஆண்டுச் சான்று, மறுவருகையைக் கைவிடுவதன் விலையை எண்ணால் உரைக்கிறது.

முடிவுரை

இரைப்பைச் சுருள்சிரைச் சிகிச்சையின் வரலாற்றில் மூன்று கட்டங்களை வேறுபடுத்தலாம். இழை ஒளியியலால் மேல்முகடு கண்ணுக்குப் புலப்பட்டது முதற்கட்டம். புலப்பட்டதை வகைப்படுத்தி, எவ்வகைக்கு எச்சிகிச்சை என வரையறுத்தது இரண்டாம் கட்டம். பசை தன் இடத்தைப் பெற்றது இதன் பின்னரே. இரண்டாம் கட்டத்தின் அடித்தளம் இந்தியப் பொது மருத்துவமனை நோயாளரின் உடல்களிலிருந்தும் நெடுநாள் பதிவுகளிலிருந்தும் எழுந்தது. அறிவு அவ்வாறு எழக் காரணமானவர்களைப் போன்ற மக்களையே அது முழுமையாகச் சென்றடைவது மூன்றாம் கட்டம். விருதுநகரில் மருத்துவக் கல்லூரி அமைந்ததால் அக்கட்டத்தின் வாயில் திறந்துள்ளது.

அச்சங்குளம் போன்ற ஊர்களுக்கு அக்கட்டம் நிறைவெய்த வேண்டுமாயின், மாவட்டத்திற்குள்ளேயே இரவும் பகலும் இயங்கும் உள்நோக்கிப் பிரிவு, வட்ட மருத்துவமனைகளில் குருதிச் சேமிப்பும் முதல்நிலை ஊசிமருந்தும், மறுவருகையைக் கண்காணிக்கும் பதிவேடு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவற்றுள் பதிவேடு மிக எளியது, செலவும் குறைந்தது. தில்லியில் ஓர் உலகளாவிய வகைப்பாடு பிறக்கக் காரணமாக அமைந்ததும் முறையாகப் பேணப்பட்ட பதிவே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.